கரை எந்தப் பக்கம்?

வெள்ளம் வரும் ஒவ்வொரு ஆண்டும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று அரசின் குரல். கரையை உயர்த்துவோம், பலப்படுத்துவோம், கான்கிரீட் சுவர் கட்டுவோம் என்கிறது அது. மற்றொன்று நம் நண்பர்களின் குரல். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வேகமாகப் பகிரப்படுகிறது. ஆறு தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, ஆக்கிரமித்தவர்கள் அனுபவிக்கிறார்கள் என்கிறது. முதல் குரல் வளர்ச்சியைப் பேசுகிறது, இரண்டாவது சூழலியலைப் பேசுகிறது. கேட்பதற்கு இரண்டும் எதிரெதிர் அணிகள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் இரண்டுமே சேர்ந்து தவிர்க்கின்றன. ஆற்றுக்குக் கரை கட்டினால் நீர்மட்டம் யாருக்கு இறங்குகிறது, யாருக்கு ஏறுகிறது?

டெல்டா நிலங்களில் வெள்ளக்கரைகளுக்கும் நில உரிமைக்கும் உள்ள உறவை ஆராயும் முனைவர் பட்ட ஆய்வாளர் நான். என் ஆய்வைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் தவறாமல் ஒரு கேள்வி வரும். “நீரியலுக்குள் சாதியை எதற்குக் கொண்டுவருகிறீர்கள்? தண்ணீர் சாதி பார்த்தா ஓடுகிறது?” கேட்பவர் முகத்தில் மெல்லிய சிரிப்பும் இருக்கும். என் பதில் சுருக்கமானது. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடும். பள்ளத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்பதில் இருக்கிறது சாதி. மேட்டில் இருப்பவர், தன் மேட்டைக் காக்கப் பள்ளத்தில் இருப்பவரைக் கேட்காமலே கரை போட முடிகிறதே, அதிலும் இருக்கிறது.

வெள்ளக்கரை தண்ணீரைக் குறைப்பதில்லை, இடம் மாற்றுகிறது. எங்கிருந்து எங்கே மாற்றுவது என்பதை நீரியல் மட்டும் முடிவு செய்வதில்லை. நிலம், சொத்து, அதிகாரம் மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நம் நாட்டில் இந்த மூன்றும் சாதி வழியாகவே பங்கிடப்பட்டிருக்கின்றன. அதற்குச் சான்றாக உலகின் மிகப் பெரிய டெல்டாவான வங்க டெல்டாவை எடுத்துக்கொள்கிறேன். அண்ணல் அம்பேத்கரின் அரசியல் வாழ்விலும் அந்தச் சேற்று நிலத்துக்கு ஓர் இடம் உண்டு. அதையும் பார்ப்போம்.

கரை செய்யும் நான்கு வேலைகள்

முதலில் எளிய கணக்கு. வெள்ளக் காலத்தில் ஓர் ஆறு இரு பக்கமும் பரந்து ஓடுகிறது. அதன் அகலத்தைக் கரை போட்டுப் பாதியாக்குகிறோம். மேலிருந்து வரும் தண்ணீர் குறையவில்லை. அப்படியானால் மட்டம் உயர்ந்தே ஆக வேண்டும். வேகமும் கூடும் என்பதால் ஆழம் இரு மடங்காகாது. ஆற்றின் அடிமட்டம் மாறாமல் இருந்தால், வழக்கமான நீரியல் சூத்திரப்படி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். 10 அடியில் பரவிய வெள்ளம் 15 அடியாக எழுந்து நிற்கும். கரைக்கு வெளியே இருப்பவருக்கு வெள்ளம் தெரியாது. கரைக்கும் ஆற்றுக்கும் இடையில் மாட்டிக்கொண்டவருக்கு முன்பு முழங்கால் அளவு வந்த தண்ணீர் இப்போது கழுத்தளவு வரும்.

இரண்டாவது, வண்டல். டெல்டா என்பதே வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. கரை போட்டால் அந்த மண் வயலுக்குள் போகாது. ஒரு பகுதி ஆற்றிலேயே படிந்து அடிமட்டத்தை உயர்த்தும். அடிமட்டம் உயர்ந்தால் அடுத்த வெள்ளம் இன்னும் மேலே நிற்கும். கரையை மறுபடி உயர்த்த வேண்டும். இந்தச் சுற்றுக்கு முடிவில்லை. ஒப்பந்தக்காரருக்கும் வேலைக்குக் குறைவில்லை.

மூன்றாவது, கரைக்கு வெளியே உள்ள பாதுகாக்கப்பட்ட நிலம் தாழ்ந்துபோகும். புது வண்டல் வராத டெல்டா மண் ஆண்டுதோறும் இறுகி அமுங்கும். வெளியே ஆறு உயர்கிறது, உள்ளே நிலம் இறங்குகிறது. மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். ஒரு நாள் கரை உடைந்தால் சட்டிக்குள் ஊற்றியதுபோல் தண்ணீர் நிற்கும். அதைத் திரும்பப் போகவிடாமல் தடுப்பதும் அதே கரைதான்.

நான்காவது, கடலோர டெல்டாவில் ஓதம். கடல் நீர் நாளுக்கு இரு முறை ஆற்றுக்குள் ஏறி இறங்கும். முன்பு அது நூற்றுக்கணக்கான ஓடைகளில் நுழைந்து, தாழ்நிலங்களில் பரவி, வேகம் இழந்து திரும்பியது. ஓடை வாய்களை அடைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் பரவ இடமில்லை. மிஞ்சியிருக்கும் பெரிய ஆறுகளில் ஓதத்தின் உச்சம் மேலும் மேலும் ஏறும்.

இதில் எதுவும் ரகசியமில்லை. ஒடிசாவின் மகாநதி டெல்டாவை ஆராய்ந்த வெள்ளக் குழு 1928ஆம் ஆண்டிலேயே கரைகள் சிக்கலைத் தீர்க்கவில்லை, பெருக்குகின்றன என்ற முடிவுக்கு வந்தது. வெள்ளத்தை எப்படித் தடுப்பது என்று கேட்காதீர்கள், எப்படி விரைவாகக் கடலுக்கு அனுப்புவது என்று பாருங்கள் என்றது. காலனிய அரசே அமைத்த குழு அது. ஆக, தெரிந்தேதான் கட்டினார்கள். தெரிந்தும் ஏன் கட்டினார்கள் என்று கேட்டால் தாமோதர் ஆற்றுக்குப் போக வேண்டும்.

இடது கரையில் ரயில், வலது கரையில் மனிதர்கள்

மேற்கு வங்கத்தின் பர்தமான் பகுதியில் ஓடும் தாமோதரின் இடது பக்கம் பர்தமான் நகரமும் கிராண்ட் டிரங்க் சாலையும் இருந்தன. 1855இல் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வரை ரயில் பாதையும் வந்தது. வெள்ளம் இடது கரையை உடைத்தால் ரயில் நிற்கும், நிலக்கரி நிற்கும், அரசின் வருவாய் நிற்கும். பிரிட்டிஷ் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இடது கரையைப் பலப்படுத்தினார்கள். 1850களின் பிற்பகுதியில் வலது கரையில் சுமார் 20 மைல் நீளத்துக்கு இருந்த கரைகளை அகற்றினார்கள். வெள்ளம் வந்தால் வலது பக்கம் போகட்டும் என்பது திட்டம்.

வலது பக்கமும் மனிதர்கள் வாழ்ந்தார்கள். அங்கும் வயல் இருந்தது, வீடு இருந்தது. ஆனால் ரயில் இல்லை. வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோட்டைத் தடிமனாக்கினார்கள், அதன் மூலம் ஒரு பகுதி மக்கள் வெள்ளத்துக்கு எழுதி வைக்கப்பட்டார்கள். கரைகளின் வரலாற்றில் இத்தனை வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் வேறு கிடைப்பது அரிது. வெள்ளத்தை ஒழிக்க முடியாது, யார் தலையில் இறக்குவது என்று மட்டுமே தேர்வு செய்ய முடியும் என்பதை அந்தப் பொறியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

1943 ஜூலையில் தாமோதர் அந்தப் பலமான இடது கரையையே உடைத்தது. ரயில் பாதை துண்டானது, கிராண்ட் டிரங்க் சாலை துண்டானது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். உடனே விசாரணைக் குழு அமைந்தது, நிபுணர்கள் வந்தார்கள். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் பிறந்தது அந்த வெள்ளத்தில் இருந்துதான். அதற்கு முன் வலது பக்கம் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தது. அப்போது வராத அவசரம், ரயில் நின்றதும் வந்தது.

அந்த விசாரணைக் குழுவில் இயற்பியல் அறிஞர் மேக்நாத் சாகா இருந்தார். டாக்கா அருகே ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பத்தில் பிறந்து, மாணவர் விடுதியில் சாதித் தீண்டலை அனுபவித்தவர். இளமையிலேயே வெள்ள நிவாரணப் பணிக்குப் போனவர். ஆறுகளை முழுப் பள்ளத்தாக்காகப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். அதே ஆண்டுகளில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து தாமோதர் திட்டத்தை முன்னெடுத்தவர் அம்பேத்கர். இந்திய வெள்ளக் கொள்கையின் தொடக்கத்தில் இந்த இருவர் நிற்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. சாதியை நீரியலுக்குள் இழுக்காதே என்பவர்களுக்கு இந்த வரலாறு நினைவில் இருக்கட்டும்.

நாமசூத்திரர்களின் சேறு

இப்போது கிழக்கே, இன்று வங்கதேசத்தில் இருக்கும் குல்னா, ஜெசூர் பகுதிக்குப் போவோம். சதுப்பும் ஓடையும் ஓதமும் நிறைந்த அந்த நிலத்தை வயலாக மாற்றியவர்களில் பெரும் பங்கு நாமசூத்திரர்களுக்கு உண்டு. சாதி இந்துக்கள் அவர்களைச் சண்டாளர் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரை அரசுப் பதிவேட்டிலிருந்து நீக்க அவர்கள் நீண்ட காலம் போராடி, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வென்றார்கள். ஹரிசந்த் தாகூர், குருசந்த் தாகூர் தொடங்கி வளர்த்த மதுவா இயக்கம் அந்த மண்ணில் முளைத்தது. 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குச் செல்ல அம்பேத்கருக்குப் பம்பாயில் வழி அடைபட்டபோது, ஜோகேந்திரநாத் மண்டலின் துணையோடு அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது வங்கம். அந்த அரசியலுக்கு அடித்தளமாக இருந்தவர்கள் சேற்றில் நின்று நிலம் உண்டாக்கிய இந்த மக்கள். 1947 பிரிவினையில் அந்த இடம் பறிபோனது. பின்பு பம்பாயிலிருந்து அவர் மீண்டும் சபைக்குள் வந்தார்.

அந்த உழவர்களுக்குக் கரை புதிதல்ல. ‘அஷ்டமாசி பாந்த்’ என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். எட்டு மாதக் கரை என்று பொருள். உப்பு நீர் ஏறும் மாதங்களில் மண்ணால் தற்காலிகக் கரை போடுவார்கள். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் வந்ததும் கரையைத் திறந்துவிடுவார்கள். வண்டல் உள்ளே வரும், நிலம் உயரும். ஜமீன்தாரி முறையின் சுரண்டலோடு பின்னிக்கிடந்த ஏற்பாடுதான் அது. அதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆனால் டெல்டாவுக்கு வெள்ளம் தேவை என்ற அறிவு அதில் இருந்தது. அந்த அறிவு உழுதவர்களின் கையில் இருந்தது.

1960களில் கிழக்கு பாகிஸ்தான் அரசு வெளிநாட்டு உதவியோடு கடலோரக் கரைத் திட்டத்தைத் தொடங்கியது. நெதர்லாந்து பாணியில், தீவு தீவாக நிலத்தைச் சுற்றி நிரந்தரக் கரை போட்டார்கள். ‘போல்டர்’ என்று பெயர். இன்று அப்படி 139 போல்டர்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் உப்பு நின்றது, நெல் விளைச்சல் கூடியது. அதை மறுக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்குள் நான் மேலே சொன்ன நான்கு வேலைகளையும் கரை செய்து முடித்தது. வெளியே ஆறுகள் தூர்ந்தன. உள்ளே மழைநீர் தேங்கியது. மதகைத் திறந்தாலும் வடியாது, ஏனென்றால் ஆற்றின் அடிமட்டம் வயலைவிட மேலே போய்விட்டது. பில் தாக்காத்தியா என்ற பெரும் தாழ்நிலப் பகுதியில் பல்லாயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கிய நீரில் வாழ்ந்தன.

எவ்வளவு தாழ்ந்தது? தாக்கோப் பகுதியில் உள்ள 32ஆம் எண் போல்டரை அளந்து 2015இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வெளிவந்த ஆய்வு பதில் சொல்கிறது. ஓத உச்சத்தோடு ஒப்பிட்டால் கரைக்குள் இருந்த நிலம் 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்துவிட்டது. பக்கத்திலேயே கரை இல்லாத சுந்தரவனக் காட்டின் நிலம் ஓதத்துக்கு ஈடுகொடுத்து நின்றது. அதாவது, ஐம்பது ஆண்டுப் பாதுகாப்பின் விலை ஓர் ஆள் மார்பளவு தண்ணீர். 2009 மே மாதம் ஐலா புயலில் கரை உடைந்தபோது அந்தப் போல்டருக்குள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓதம் வந்து போய்க்கொண்டிருந்தது. மக்கள் கரை மேல் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் பல இடங்களில் பத்துக்கணக்கான சென்டிமீட்டர் உயரத்துக்குப் புது வண்டல் படிந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

கடல் உயர்கிறது, பருவநிலை மாறுகிறது, யார் என்ன செய்ய முடியும் என்பார்கள். கடல் உயர்கிறது, உண்மை. ஆனால் குல்னா பகுதி ஆறுகளில் ஓத உச்சம், சராசரிக் கடல்மட்டத்தைவிட வேகமாக உயர்ந்துவருகிறது. கரைகள் ஓதத்தை நெருக்குவது அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பருவநிலை மாற்றத்தின் பெயரால் இன்று உயர்த்தப்படும் கரைகள், பருவநிலை மாற்றம் செய்வதைவிட அதிகமாக நீர்மட்டத்தை உயர்த்தக்கூடும்.

கரையை வெட்டும் உரிமை

இனி கரையை யார் வெட்டலாம் என்ற கதை. தேங்கிய நீரில் வாழ்ந்து சலித்த மக்கள் 1990இல் பில் தாக்காத்தியாவில் தாங்களே கரையை வெட்டினார்கள். 1997இல் பில் பாய்னாவில் மறுபடி வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்தது, வண்டல் இறங்கியது, தாழ்நிலம் மேடானது, தூர்ந்த ஹரி ஆறு ஆழமானது. பொறியாளர்கள் முதலில் இதைச் சட்டமீறல் என்றார்கள். பலன் தெரிந்த பிறகு ஓத ஆற்று மேலாண்மை என்று பெயர் சூட்டித் தங்கள் திட்டமாக்கிக்கொண்டார்கள். அஷ்டமாசிக் கரை ஆங்கிலப் பெயரோடு திரும்பி வந்தது.

திட்டமானதும் பழைய கதை மறுபடி தொடங்கியது. ஒரு தாழ்நிலத்தைச் சில ஆண்டுகள் ஓதத்துக்குத் திறந்துவிட்டால் அங்கே சாகுபடி நிற்கும். இழப்பீடு நில ஆவணத்தைப் பார்த்துக் கணக்கிடப்பட்டது. ஆவணம் இல்லாத வாரக் குத்தகைக்காரருக்கும் கூலிக்கும் மீன் பிடிப்பவருக்கும் என்ன கணக்கு? ஊரின் நன்மைக்கு அவர்கள் பட்டினி கிடக்க வேண்டும். நல்ல நீரியலும் நில உரிமை இல்லாத இடத்தில் அநீதியாகிவிடுகிறது. ‘இயற்கையோடு இயைந்த தீர்வு’ என்று கேட்டதும் கைதட்டும் நம் நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இன்னொரு வகை வெட்டும் உண்டு. 1980கள் முதல் இறால் பண்ணை முதலாளிகள் உப்பு நீரை உள்ளே விடுவதற்காக அதே கரைகளில் துளை போட்டார்கள். அதைச் சட்டமீறல் என்று யாரும் அவசரப்படவில்லை. 22ஆம் எண் போல்டரில் இறால் பண்ணை வருவதை எதிர்த்து நிலமற்ற மக்கள் திரண்டார்கள். 1990 நவம்பர் 7 அன்று ஊர்வலத்தின் முன்னணியில் நின்ற கருணாமயி சர்தார் கொல்லப்பட்டார். ஒவ்வொரு நவம்பர் 7 அன்றும் அந்த மக்கள் அவரை நினைவுகூர்கிறார்கள். அந்தப் போல்டரில் இறால் பண்ணை நுழையவில்லை. பசித்தவர் கரையை வெட்டினால் குற்றம், பணக்காரர் வெட்டினால் தொழில். கரை நடுநிலையான மண்மேடு என்று இதற்குப் பிறகும் சொல்ல முடியுமா?

‘ஆற்றுக்கு இடம் கொடு’ என்பவர்களுக்கு

கரையை எதிர்ப்பவர்கள் எல்லோரும் நம் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு மரிச்ஜாப்பி சான்று. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளில் நாமசூத்திரர்கள் பெரும்பாலும் தண்டகாரண்யத்தின் வறண்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சேற்றிலும் ஓதத்திலும் பழகிய மக்களைக் கல்லாங்குத்து நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். 1978இல் அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்துக்குத் திரும்பி, மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினார்கள். அரசிடம் உதவி கேட்கவில்லை. கரை போட்டார்கள், மீன் வளர்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள்.

காப்புக்காடு, புலிகளின் வாழிடம் என்று காரணம் சொன்னது இடது முன்னணி அரசு. 1979 ஜனவரியில் தீவைச் சுற்றிப் படகுகளை நிறுத்தி உணவையும் குடிநீரையும் தடுத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதம் குடிசைகள் கொளுத்தப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பது இன்றும் சர்ச்சை. சூழலியலின் பெயரால், முற்போக்கு அரசு ஒன்றின் கையால், தலித் மக்களுக்கு நடந்தது இது.

நம் சென்னையில் என்ன நடந்தது? 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரையோரக் குடிசைகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்பகுதி. மழை பெய்தால் அங்கும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று தூக்கிக்கொண்டுபோய் இன்னொரு பள்ளத்தில் வைத்தார்கள். ஆறு தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்று கவிதை எழுதுபவர்களே, ஆறு எடுத்துக்கொண்ட இடத்தில் குடிசை இருந்தால் மட்டும்தானா அது ஆற்றின் இடம்? கல்லூரியும் நட்சத்திர விடுதியும் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் இருந்தால் வேறு பெயரா?

படுகை என்ற சொல்

நம் காவிரி டெல்டாவிலும் இதே கேள்வி காத்திருக்கிறது. மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டில் முக்கொம்பிலிருந்து உபரி வெள்ளம் கொள்ளிடத்தில் திருப்பப்படும். காவிரியும் அதன் கிளைகளும் பாசனத்துக்கு, கொள்ளிடம் வெள்ளத்துக்கு என்பது ஏற்பாடு. பொறியியலாகப் பார்த்தால் அது சரியான ஏற்பாடே. ஆனால் 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடத்தில் 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது, ஆற்றுக்கும் கரைக்கும் இடையில் இருக்கும் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்கள் மூழ்கின. கரைக்கு இந்தப் பக்கம் நெற்பயிர் நனையவில்லை என்று நிம்மதி. அந்தப் பக்கம் வீட்டுச் சாமான்களோடு கரை மேல் ஏறி உட்கார்ந்த மக்கள்.

அங்கே ஏன் வீடு கட்டினார்கள் என்று தொலைக்காட்சியில் கேட்கிறார்கள். படுகையில் யாரும் ஆசைப்பட்டு வீடு கட்டுவதில்லை. டெல்டாவின் மேட்டு நிலம் யாரிடம் இருக்கிறது? மிராசுகளிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்து கைமாறிய வரலாற்றைப் பாருங்கள். விவசாயத் தொழிலாளிக்குத் தான் குடியிருக்கும் மனையின் மீது உரிமை தர 1971இல் ஒரு சட்டம் தேவைப்பட்ட மண் இது. ஊர் மேட்டில் இருக்கும், சேரி வாய்க்காலோரத்தில் இருக்கும், சுடுகாட்டுப் பாதை அதற்கும் கீழே இருக்கும். இந்த வரைபடத்தை ஆறு வரையவில்லை.

சரி, கரைகளை இடித்துவிடலாமா? கூடாது. ஒன்றரை மீட்டர் தாழ்ந்துபோன தாக்கோப்பில் நாளை கரையை எடுத்தால் முதலில் மூழ்குபவர்கள் அதே உழவர்களும் கூலிகளும்தான். கரை போட்டபோது அவர்களைக் கேட்கவில்லை. எடுக்கும்போதும் கேட்காமல் இருந்தால் அது இன்னொரு முறை அதே குற்றம். அம்பேத்கர் 1945 நவம்பரில் கட்டக் நகரில் ஒடிசா ஆறுகளைப் பற்றிப் பேசியபோது, வெள்ளத்தை வெறும் தீமையாகப் பார்த்துக் கடலுக்குத் தள்ளிவிட நினைத்த நிபுணர்களைக் கடுமையாக விமர்சித்தார். மனிதர்கள் தண்ணீர் மிகுதியால் படும் துன்பத்தைவிடப் பற்றாக்குறையால் படும் துன்பம் பெரிது என்றார். அவர் முன்வைத்த தீர்வு பெரிய அணைகள். அந்த அணைகள் பின்னாளில் எத்தனை ஆதிவாசிகளைத் துரத்தின என்பதை நாம் அறிவோம். அந்தத் தீர்வை அப்படியே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளக் கொள்கையை மண் பற்றிய கேள்வியாக விட்டுவிடாமல் மக்களின் வறுமை பற்றிய கேள்வியாக அவர் மாற்றினார். அங்கிருந்து நாம் தொடங்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, எந்தக் கரைத் திட்டமானாலும், கட்டிய பிறகு கரையின் இரு பக்கமும் எந்தெந்தக் குடியிருப்பில் நீர்மட்டம் எத்தனை அடி ஏறும், இறங்கும் என்ற கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும். அந்தக் குடியிருப்புகளின் சாதிவாரி வீட்டுக் கணக்கும் அதோடு சேர்ந்து வர வேண்டும். இரண்டாவது, மட்டம் ஏறப்போகும் குடியிருப்புகளின் ஒப்புதல் இல்லாமல் திட்டம் கூடாது. ஊர்ப் பெரியவர்களின் கையெழுத்தை அவர்களின் ஒப்புதலாகக் காட்டக் கூடாது. மூன்றாவது, மற்றவர் வயலைக் காக்க ஒருவர் வாசலில் வெள்ளம் திருப்பப்பட்டால் அவருக்குத் தருவது நிவாரணம் அல்ல, இழப்பீடு. பட்டா உள்ளவர், குத்தகைக்காரர், கூலி என எல்லோருக்கும் அது உரிமை. நான்காவது, படுகையிலிருந்து மாற்றுவதானால் அதே ஊரின் மேட்டு நிலத்தில், வேலைக்கும் ஆற்றுக்கும் நடந்துபோகும் தூரத்தில், பட்டாவோடு மனை. முப்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி வேண்டாம்.

நான்காவது கோரிக்கைதான் ஆதிக்கச் சாதிகளை நெளியவைக்கும் என்று எனக்குத் தெரியும். கரையை எத்தனை அடி உயர்த்தவும் அவர்கள் பணம் ஒதுக்கச் சொல்வார்கள். மேட்டில் ஐந்து சென்ட் கொடுக்கச் சொன்னால் ஊர்க் கட்டுப்பாடு என்பார்கள், சட்டம் ஒழுங்கு என்பார்கள். வெள்ளப் பிரச்சினையின் மிகக் கடினமான பகுதி பொறியியலில் இல்லை, அந்த ஐந்து சென்ட்டில் இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் ஓர் அமைச்சரோ அதிகாரியோ கரை பலப்படுத்தப்பட்டுவிட்டது என்று அறிவிப்பார். கைதட்டுவதற்கு முன் கேளுங்கள், தோழர்களே: எந்தப் பக்கக் கரை? எதிர்ப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு எத்தனை அடி?